எகிப்தில் ஆண் ஆடினால்

கெய்ரோவின் பழைய குடியிருப்புகளில் கல்யாணம் என்றால் தெருவே பந்தல். சந்தின் இரு முனைகளிலும் வண்ணத் துணிகளைக் கட்டி, மேடை போட்டு, ஒலிபெருக்கிகளை அடுக்கிவிடுவார்கள். பாட்டு தொடங்கியதும் மாப்பிள்ளையின் தோழர்கள் நடுவில் இறங்குவார்கள். ஒருவர் கையில் கம்பு இருக்கும். இன்னொருவர் இடுப்பில் துண்டை இறுகக் கட்டியிருப்பார். தோள் குலுங்கும், இடுப்பு வெட்டும், கைகள் தலைக்கு மேல் சுழலும். சுற்றி நிற்கும் பெரியவர்கள் கைதட்டி உற்சாகப்படுத்துவார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதே இளைஞர்களில் ஒருவர் மறுநாள் காலையில், “இனி இதுதான் என் தொழில், மேடையில் தனியாக ஆடப்போகிறேன்” என்று வீட்டில் சொல்லட்டும். நேற்றுக் கைதட்டிய கைகளே அவரைத் தடுக்கும். ஆண்பிள்ளை செய்கிற வேலையா இது என்று அப்பா கேட்பார். தங்கையை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மா அழுவார். தெரு முனையில் கெட்ட வார்த்தை ஒன்று காத்திருக்கும். ஒரே உடம்பு, ஒரே தாளம், ஒரே அசைவு. காசு வாங்காமல் ஆடினால் குதூகலம், காசு வாங்கி ஆடினால் அவமானம். இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் இருநூறு ஆண்டு எகிப்திய வரலாறு அதற்குள் இருக்கிறது.

உலகம் ‘பெல்லி டான்ஸ்’ என்று அழைக்கும் ஆட்டத்தை எகிப்தியர்கள் ரக்ஸ் ஷர்கி என்கிறார்கள். மேடைக்கென்று மெருகேறிய வடிவம் அது. வீட்டிலும் தெருவிலும் ஆடப்படுகிற அதன் மூல வடிவம் பலடி. பெயரில் வயிறு இருந்தாலும் ஆட்டத்தின் விசை முழங்காலிலும் இடுப்பிலும்தான் இருக்கிறது. முழங்கால்கள் மாறி மாறி மடங்கி நிமிரும்போது இடுப்பு அதிர்கிறது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நகரும்போது இடுப்பு எட்டு வடிவில் சுழல்கிறது. மேலுடம்பு அசையாமல் இருக்க, கீழுடம்பு மட்டும் தாளத்தைப் பேசும். எகிப்தியர்கள் தப்லா என்று சொல்லும் கோப்பை வடிவக் கொட்டு ‘டும் தக்’ என்று விழும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பில் ஓர் இடம் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முன்கூட்டி அமைக்கப்படாத ஆட்டம் இது. இசையைக் கேட்டு அந்தக் கணத்தில் பிறப்பது. இதில் பெண்ணுடம்பால் மட்டுமே முடிகிற அசைவு ஒன்றுகூடக் கிடையாது.

எகிப்தின் பழைய பதிவுகளும் இதற்குச் சாட்சி. எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர் 1820களிலும் 1830களிலும் கெய்ரோவில் தங்கி, அரபி பேசி, உள்ளூர் உடை உடுத்தி வாழ்ந்தவர். எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி 1836இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளர்களின் கைநூல். கவாஸி எனப்பட்ட பெண் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய கையோடு, ஹவல் என்ற ஆண் ஆட்டக்காரர்களைப் பற்றியும் அவர் எழுதுகிறார். கல்யாணம், பிள்ளைப்பேறு, சுன்னத்து என எந்த விசேஷத்துக்கும் இவர்களை அழைப்பார்கள். வீட்டு வாசலிலோ முற்றத்திலோ ஆட்டம் நடக்கும். விரல்களில் சிறு தாளங்களை மாட்டிக்கொண்டு, கவாஸிப் பெண்கள் ஆடும் அதே ஆட்டத்தை ஆடுவார்கள். கூந்தலை நீளமாக வளர்த்துப் பின்னி, கண்ணுக்கு மை தீட்டி, கையில் மருதாணி இட்டிருப்பார்கள். உடையில் பாதி ஆணுடையது, பாதி பெண்ணுடையது. ஊர்க் கூத்தில் பெண் வேடம் கட்டும் ஆணோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே பார்வையாளர் முன் நிற்பது திரௌபதி. இங்கே நிற்பவர் தம்மை ஆண் ஆட்டக்காரர் என்று அறிவித்துக்கொண்டே ஆடியவர். யூதர், ஆர்மீனியர், கிரேக்கர், துருக்கியர் ஆகியோரிலிருந்து வந்த ‘ஜிங்க்’ என்ற இன்னொரு வகை ஆண் ஆட்டக்காரர்களும் அன்றைய கெய்ரோவில் இருந்தார்கள்.

லேன் தரும் தகவல்களில் மிக முக்கியமானது இவர்களை மக்கள் ஏன் அழைத்தார்கள் என்பது. கவாஸிகளின் ஆட்டத்தில் தவறு ஏதும் இல்லை, அதைப் பெண்கள் பொதுவில் ஆடுவதுதான் தவறு என்று கெய்ரோவாசிகள் பலர் கருதினார்களாம். ஆகவே ஆணை ஆடவைப்பதே அவர்களுக்குக் கண்ணியமான வழியாகத் தெரிந்தது. இன்றைய நியாயத்துக்கு நேர் எதிரான நியாயம் இது. இன்று பெண் ஆடினால் சகித்துக்கொள்ளலாம், ஆண் ஆடினால் அசிங்கம் என்கிறார்கள். அன்று ஆண் ஆடினால் மரியாதை, பெண் ஆடினால்தான் சிக்கல். இரண்டையும் ‘எங்கள் மரபு’ என்ற பெயரில் சொன்னவர்கள் ஒரே ஊர்க்காரர்கள். ஆண் ஆடுவதற்கான எதிர்ப்பு காலங்காலமாக இருந்துவருகிறது என்று யாராவது சொன்னால், அவர் லேனின் இந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

1834இல் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பாஷா, பெண் ஆட்டக்காரர்களும் பாலியல் தொழிலாளர்களும் கெய்ரோவில் தொழில் செய்யத் தடை விதித்தார். பிடிபட்டவர்கள் தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் போன்ற ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைநகரில் விசேஷங்கள் நிற்கவில்லை. ஆட்டம் தேவைப்பட்டது. ஹவல்களுக்கு வேலை கூடியது.

இந்தத் தடையின் விளைவு ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் பயணத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. குஸ்தாவ் ஃப்ளோபேர் 1849இன் இறுதியில் நண்பர் மாக்சிம் து கானோடு எகிப்து போனார். கெய்ரோவில் அவர் பார்த்து வியந்தது ஹசன் எல் பெல்பெய்ஸி என்ற ஆண் ஆட்டக்காரரை. பெண் ஆட்டக்காரரைப் பார்க்க அவர் நைல் நதி வழியே வெகுதூரம் தெற்கே போக வேண்டியிருந்தது. 1850இல் எஸ்னாவில் குச்சுக் ஹானெம் என்ற பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்தார். குச்சுக் ஹானெம் இலக்கியத்தில் நிலைத்துவிட்டார். இலக்கிய அறிஞர் எட்வர்ட் சைத் 1978இல் எழுதிய ‘ஓரியண்டலிசம்’ நூலில் அவரைப் பற்றிய வாதம் உலகப் புகழ்பெற்றது. ஹசனை நடன ஆய்வாளர்களைத் தவிர யாருக்கும் நினைவில்லை. இருவரும் ஒரே பயணியின் கண்ணில் பட்டவர்கள்தான். ‘கிழக்கின் ஆட்டக்காரி’ என்று ஐரோப்பா மனத்தில் வரைந்துவைத்திருந்த படத்துக்குள் ஓர் ஆணை எங்கே நிறுத்துவது? மீசை மழித்து மையிட்ட ஆணைக் கண்ட பயணிகள் பலர் அருவருப்போடு எழுதினார்கள். 1882இல் பிரிட்டிஷ் படை எகிப்தைக் கைப்பற்றிய பிறகு, அந்த அருவருப்பு உள்ளூர்ப் படித்த வர்க்கத்தின் வெட்கமாகவும் மாறியது. நாகரிக நாடு என்று பெயர் வாங்க வேண்டுமானால் இதையெல்லாம் மறைத்தாக வேண்டும் என்று நம்பினார்கள். ஒரு தொழிலின் பெயராக இருந்த ‘ஹவல்’ இன்றைய எகிப்திய வழக்கில் ஓர் ஆண்மகனை இழிவுபடுத்தும் வசைச்சொல்.

20ஆம் நூற்றாண்டில் ஆட்டம் தெருவிலிருந்து அரங்குக்கு ஏறியது. பதியா மஸப்னி 1926இல் கெய்ரோவில் தன் கேளிக்கை அரங்கைத் திறந்தார். அங்கிருந்து தஹியா கரியோக்கா, சாமியா கமால் போன்ற பெரும் நட்சத்திரங்கள் எழுந்தார்கள். சினிமா அவர்களை அரபு உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தது. பளபளக்கும் இரண்டு துண்டு உடையில் பெண் தனியாக ஆடுவதே ரக்ஸ் ஷர்கி என்று ஆனது இந்தக் காலத்தில்தான். ஆண்கள் போய்விடவில்லை, திரைக்குப் பின்னால் நகர்ந்தார்கள். சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்த இப்ராஹிம் அகேஃப் பல தலைமுறை ஆட்டக்காரிகளுக்குக் கெய்ரோவில் பாடம் சொன்ன ஆசான். நடிகையும் ஆட்டக்காரியுமான நயீமா அகேஃப் அவருடைய உறவுக்காரப் பெண். ஒவ்வொரு இடுப்பசைவையும் தன் உடம்பில் ஆடிக் காட்டித்தானே ஓர் ஆசான் சொல்லித்தர முடியும்? பயிற்சி அறைக்குள் அது வித்தை. அதே மனிதர் விளக்கு வெளிச்சத்தில் ஆடினால் வெட்கக்கேடு.

இந்த நிலையில் மேடையில் ஆணுக்கு மீண்டும் இடம் வாங்கித்தந்தவர் மஹ்மூத் ரெடா. 1930இல் கெய்ரோவில் பிறந்தவர். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரராக 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எகிப்துக்காகப் போட்டியிட்டவர். ஹாலிவுட்டின் நடனப் படங்களில் ஜீன் கெல்லியையும் ஃப்ரெட் அஸ்டேரையும் பார்த்து மயங்கியவர். 1959இல் அண்ணன் அலி ரெடா, ஃபரீதா ஃபஹ்மி ஆகியோரோடு சேர்ந்து ரெடா குழுவைத் தொடங்கினார். நடனக் குழு என்றாலே நல்ல குடும்பங்கள் கதவைச் சாத்திய காலம் அது. ஃபரீதாவின் தந்தை ஹசன் ஃபஹ்மி பொறியியல் பேராசிரியர். தன் மகளே மேடையேறட்டும் என்று அவர் துணைநின்றது குழுவுக்குக் கிடைத்த பெரிய நற்சான்று. ஒரு பேராசிரியரின் மகள் ஆடலாம் என்றால் மற்றவர்களும் ஆடலாம் அல்லவா? படித்த நடுத்தர வர்க்கத்து இளைஞர்களும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

ரெடா ஊர் ஊராகப் போனார். வயலில் வேலை செய்பவர்கள், அலெக்ஸாண்ட்ரியாவின் மீனவர்கள், தெற்கத்திக் கம்பு வீரர்கள், தெருவில் பானம் விற்பவர்கள் என எல்லோருடைய நடையையும் அசைவையும் கவனித்தார். அவற்றை அப்படியே மேடையில் வைக்காமல், பாலேயின் கட்டுக்கோப்பையும் ஜிம்னாஸ்டிக்ஸின் துள்ளலையும் சேர்த்து புதிய நடனங்களை உருவாக்கினார். அலி இஸ்மாயிலின் இசை அதற்குச் சிறகு கொடுத்தது. அதிபர் நாசரின் ஆட்சியில், 1961இல், குழு அரசுடைமையானது. அலி ரெடா இயக்கி 1967இல் வந்த ‘கராம் ஃபில் கர்னக்’ படத்தை எகிப்தியத் தொலைக்காட்சியில் பார்த்து வளராத தலைமுறை இல்லை. அதில் லக்ஸரின் பழம் தூண்களுக்கு நடுவே ஆண்கள் ஆடுகிறார்கள். கம்பீரமாக, சிரித்துக்கொண்டு, நாட்டின் பெருமையாக ஆடுகிறார்கள்.

ஆனால் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ரெடாவின் ஆண்கள் துள்ளினார்கள், கம்பு சுழற்றினார்கள், அகலமாகக் கால் வைத்தார்கள். இடுப்பின் நுணுக்கமான சுழற்சிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன, அதுவும் அடக்கி வாசிக்கப்பட்டன. அமெரிக்க நடன ஆய்வாளர் ஆண்டனி ஷே இதைக் கூர்மையாக விமர்சித்திருக்கிறார். மத்தியக் கிழக்கில் ஆண்கள் தனியாக ஆடும் மரபு பழையது. அதன் நளினம் தேசத்துக்கு அவமானம் என்று கருதியவர்கள், அதிவீரம் காட்டும் புதிய ‘ஆண் நடனம்’ ஒன்றை மேடைக்காகவே படைத்தார்கள் என்பது அவர் வாதம். இந்த விமர்சனம் நியாயமானது. அதற்காக ரெடாவைச் சிறுமைப்படுத்தவும் முடியாது. அவர் இல்லையென்றால் எகிப்தில் ஓர் ஆண் தன்னை ‘நடனக் கலைஞன்’ என்று வெளியே சொல்லும் துணிவே பிறந்திருக்காது. 2020 ஜூலையில் அவர் மறைந்தபோது எகிப்து அவரைத் தன் பெருங்கலைஞராகவே வழியனுப்பியது. கலைஞனுக்கு மரியாதை கிடைத்தது. அதற்கு ஈடாக இடுப்பு விட்டுக்கொடுக்கப்பட்டது.

எந்த ஆணின் ஆட்டம் ஏற்கப்படுகிறது என்பதைக் கெய்ரோவில் ஒரே மாலையில் கண்கூடாகப் பார்க்கலாம். இஸ்லாமியக் கெய்ரோவின் வெகாலத் எல் கூரி என்ற பழைய வணிகச் சத்திரத்தில் தனூரா நிகழ்ச்சி நடக்கிறது. வண்ண வண்ண, கனத்த பாவாடைகளை அடுக்காக அணிந்த ஆண்கள் நிற்காமல் சுழல்கிறார்கள். ஒரு பாவாடையை அவிழ்த்துத் தலைக்கு மேல் குடையாகச் சுழற்றுகிறார்கள். சூஃபி மரபிலிருந்து வந்ததால் ஆண் பாவாடை கட்டியதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. தெற்கு எகிப்தின் கம்பு விளையாட்டான தஹ்தீப் 2016இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அது போர்க்கலையில் பிறந்தது, ஆகவே அதற்கும் தடையில்லை. பக்தி இருந்தால் பாவாடை சரி, கம்பு இருந்தால் ஆட்டம் சரி. வெறும் இசைக்காக, ஆடும் இன்பத்துக்காக மட்டும் ஒருவர் இடுப்பை அசைத்தால்தான் ஊர் பதறுகிறது.

பதற்றத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு சந்தேகம். ஆடும் ஆண் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று பார்த்த உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். எகிப்தில் இது வெறும் வம்புப் பேச்சோடு நிற்பதில்லை. தன்பாலுறவைப் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டம் அங்கே இல்லை. ஆனால் பாலியல் தொழிலை ஒடுக்க 1961இல் வந்த 10ஆம் எண் சட்டத்தின் ‘ஒழுக்கக்கேடு’ பிரிவு அதற்காகப் பயன்படுத்தப்படுகிறது. 2001இல் நைல் நதியில் மிதந்த ‘குயீன் போட்’ என்ற இரவு விடுதியில் காவல்துறை சோதனை நடத்தியது. அதைத் தொடர்ந்து 52 ஆண்கள் மீது நடந்த வழக்கு உலகையே அதிரவைத்தது. இப்படி ஒரு சூழலில், பார்ப்பவர் கண்ணில் சந்தேகம் விழுந்தாலே ஒருவருடைய வாழ்க்கை நொறுங்கலாம். ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பதை அவருடைய இடுப்பசைவு சொல்லாது. மனைவி மக்களோடு வாழும் ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள், தன்பாலீர்ப்பு கொண்டவர்களும் இருக்கிறார்கள். எவருக்கும் அச்சமின்றி ஆடும் உரிமை உண்டு.

பெண் ஆட்டக்காரர்கள் இந்தச் சுமையிலிருந்து தப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. டச்சு மானுடவியலாளர் காரின் வான் நியூகெர்க் கெய்ரோவின் ஆட்டக்காரிகளோடும் பாடகிகளோடும் பழகி 1995இல் ஒரு நூல் எழுதினார். எல்லாத் தொழிலையும் போல இதுவும் ஒரு தொழில், சோற்றுக்காகச் செய்கிறோம் என்பதே அந்தப் பெண்கள் அவரிடம் வைத்த வழக்கு. கல்யாணத்துக்கு அவர்களை ஆடக் கூப்பிடும் குடும்பம் மருமகளாக்கக் கூப்பிடுவதில்லை. ஆணுக்கு விழும் வசை இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். பெண்ணுக்கு இழிவென்று ஒதுக்கிய வேலையை ஓர் ஆண் விரும்பிச் செய்கிறான் என்பதே அவன் செய்த ‘குற்றம்’.

இவ்வளவுக்கும் நடுவில் ஆடியே தீருவது என்று வந்தவர்கள் உண்டு. டிட்டோ செய்ஃப் அவர்களில் பெயர்பெற்றவர். செங்கடலோரச் சுற்றுலா நகரமான ஷர்ம் எல் ஷேக்கில் ஆடி உலகப் புகழ் பெற்ற எகிப்தியர். எகிப்திய ஆண்கள் அன்றாடம் அணியும் நீள அங்கியான கலாபிய்யாவைப் போட்டு, இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வார். அவ்வளவுதான் அலங்காரம். பெண்ணாக மாற அவர் முயல்வதே இல்லை. தப்லாவின் ஒவ்வொரு அடிக்கும் அந்த அங்கிக்குள்ளிருந்து இடுப்பு துல்லியமாகப் பதில் சொல்ல, முகத்தில் குறும்புச் சிரிப்பு ஓடும். பார்க்கிற எவருக்கும், இது ஆண்களின் ஆட்டமும்தான் என்று விளங்கிவிடும். தெருக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் ஆடும் ஆட்டத்தின் உச்சம் அது.

கடல் தாண்டினால் காட்சி மாறுகிறது. லெபனான் வம்சாவளி அமெரிக்கரான இப்ராஹிம் ஃபரா நியூயார்க்கில் இந்த நடனத்துக்குத் தனி மரியாதை தேடித்தந்த ஆசிரியர். 1975 முதல் ‘அரபெஸ்க்’ என்ற நடன இதழை நடத்தினார். எகிப்திலேயே, ரெடா குழுவில் ஆடிய ரக்கியா ஹசன் 2000இல் கெய்ரோவில் தொடங்கிய ‘அஹ்லன் வ சஹ்லன்’ விழாவுக்குப் பல நாடுகளிலிருந்து பெண்கள் வந்து இந்த நடனத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். சொல்லித்தரும் ஆசிரியர்களில் எகிப்திய ஆண்களும் இருக்கிறார்கள். ஜப்பானியப் பெண்ணுக்கும் ரஷ்யப் பெண்ணுக்கும் பலடியின் சுவையைக் கற்பிக்க எகிப்திய ஆண் தகுதியானவர். தன் ஊர்க்காரர்கள் முன்னால் தனியாக ஆடத்தான் தகுதியில்லாதவர். மனம் கொதிக்கவைக்கும் அநீதி இது.

லெபனானில் இதே எகிப்திய மரபை எடுத்துக்கொண்டு போராடுபவர் அலெக்ஸாந்தர் பாலிகெவிச். பெய்ரூட்டின் தெருவில் நடக்கும்போது தன்மீது வீசப்பட்ட வசைகளையே மூலப்பொருளாக்கி ‘தஜ்வால்’ என்ற நடன நிகழ்ச்சியை உருவாக்கினார். அவருக்கு முன்பே, 1990களின் பெய்ரூட்டில் மொஸ்பா பால்பக்கி ஆண் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றிருந்தார்.

இதற்கிடையில் கெய்ரோவின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து, யாருடைய அனுமதியும் கேட்காமல், மஹ்ரகானாத் என்ற புதிய இசை கிளம்பியது. கணினியில் கோத்த தாளமும் முழக்கமான பாட்டுமாகத் தெருக் கல்யாணங்களைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஆடும் இளைஞர்கள் பிரேக் டான்ஸையும் பலடியின் இடுப்பசைவையும் கலந்து ஆடுகிறார்கள். சில இடங்களில் கையில் கத்தி சுழலும். 2020 பிப்ரவரியில், கெய்ரோ விளையாட்டரங்கில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் பாடல் வரிகள் சர்ச்சையாகி, இசைக் கலைஞர்கள் சங்கம் மஹ்ரகானாத் பாடகர்களுக்குத் தடை விதித்தது. பாட்டு வரிகளைப் பற்றித்தான் அத்தனை கூச்சலும். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவில் இடுப்பை வெட்டி ஆடுவதை யாரும் பிரச்சினையாக்கவில்லை. கத்தியும் முரட்டுத்தனமும் கூட இருக்கும்போது இடுப்பு தப்பித்துவிடுகிறது.

ரெடாவின் குழு கலாச்சாரத் துறையின் கீழ் இன்றும் இயங்குகிறது. நைல் கரையோரம் அகூஸா பகுதியில் இருக்கும் பலூன் தியேட்டர் அதன் இருப்பிடம். ஆண்கள் ஆடலாம் என்பதை ஒரு தேசத்துக்கே ஏற்கவைத்த குழு அது. கலாபிய்யா அணிந்த ஓர் ஆணும் ஒரு தப்லாக்காரரும் மட்டும் அந்த மேடையில் நின்று, கம்பும் கத்தியும் இல்லாமல், முழு இரவு பலடி ஆட எகிப்திய அரசு வழிவிட வேண்டும். அவர் குடும்பம் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.